சயாம் பாதையும் சந்ததியார் சங்கமும்



சென்ற ஆனி மாதத்திலே கோலாலம்பூரிலிருந்து எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. அனுப்பியவர் என் பாட்டனாரின் தம்பிக்குப் பேர்த்தி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். முறையில் எனக்குத் தங்கை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே யப்பானியர் அமைத்த புகையிரதப் பாதையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடி அங்கே ஒரு சங்கம் நடத்துகின்றனர் என்றும், பாட்டனார் அப்பாதைக்குச் சென்றவர் ஆதலின் நானும் அதில் அங்கத்தவனாகச் சேர வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். படிவம் ஒரே பக்கம், வினாக்கள் ஐந்து. முன்னோரின் பெயர் யாது? எங்கிருந்து கொண்டு செல்லப்பட்டார்? எந்த முகாமில் இருந்தார்? எந்த நிலையில் இருந்தார்? இவற்றுக்கு அத்தாட்சி யாது?

நான் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். ஆண்டுதோறும் முதலாம் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரை, பிறப்புப் பத்திரம் எங்கே, வதிவிட அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் தொழில் எனக்கு உண்டு. அத்தகைய நான், என் சொந்தப் பாட்டனாரைப் பற்றிய ஐந்து வினாக்களில் முதலாவதற்கு மாத்திரமே விடை தெரிந்தவனாய் அந்தப் படிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தேன்.

இத்தகைய சங்கங்கள் உலகிற்குப் புதியன அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்தாருக்காகப் போரிட்டோரின் மைந்தர் 1881 ஆம் ஆண்டிலே ஒரு சங்கம் அமைத்தனர். அந்நாட்டு விடுதலைப் போரில் பங்கு கொண்டோரின் வழிவந்த பெண்கள் 1890 ஆம் ஆண்டில் அமைத்த சங்கம் இன்றும் நடைபெறுகின்றது. அதில் ஒரு பெண் சேர வேண்டுமாயின், தனக்கும் அந்த முன்னோருக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று காட்ட வேண்டும். ஒரு கண்ணி அற்றால் சங்கிலி முழுவதும் அற்றது. இவ்வளவு கண்டிப்பாகப் பிறப்பை ஆராயும் சங்கம், 1939 ஆம் ஆண்டில், மரியன் அண்டர்சன் என்னும் பெரும் பாடகிக்கு, அவர் கறுப்பினத்தவர் என்ற காரணத்தால், வாசிங்டனில் உள்ள தன் மண்டபத்தில் பாட இடங்கொடுக்க மறுத்தது. ஜனாதிபதியின் மனைவியாரான எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார் அதனை வெறுத்துச் சங்கத்தினின்றும் விலகினார். அவர் விலகிய பின்னர் அப்பாடகி இலிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில் கூடிய பெருந்திரளின் முன் பாடினார். விடுதலைக்காகப் போரிட்டவரின் பேர்த்திகள் விடுதலையை மறந்த கதை இது. பிறப்புப் பெருமைக்காகக் கூடும் கூட்டம் எங்கே சென்று முட்டும் என்பதற்கு இஃதொன்று போதும். குலப்பெருமை பேசுவதற்கு யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதாக ஒரு சங்கம் வேண்டியதுமில்லை. ஒரு கலியாணப் பேச்சைத் தொடங்கி வைத்தாற் போதும், ஏழு தலைமுறையும் திண்ணைக்கு வந்துவிடும்.

வேறு வகையான சங்கமும் உண்டு. கீழைத்தேசத்தில் யப்பானியரிடம் சிறைப்பட்ட போர்வீரரின் பிள்ளைகள் 1997 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஒன்றுகூடினர். அவர்களுள் பலருடைய தந்தையர் வீடு திரும்பியும் சயாமைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இறந்தவர்கள். தந்தை பேசாது விட்டதைப் பத்திரங்களில் தேடுவதே பிள்ளைகளின் வேலையாயிற்று. யப்பானியர் ஒவ்வொரு சிறைக்கைதிக்கும் எழுதி வைத்த அட்டைகளில் 50,000க்கு மேற்பட்டவை இலண்டன் தேசியச் சுவடிச்சாலையில் உள்ளன. பெயர், படைப்பிரிவு, பிடிபட்ட இடம், தந்தையின் பெயர் யாவும் அவற்றில் உண்டு. தந்தையின் அட்டையை ஒரு மகன் கையில் எடுத்துப் பார்க்கலாம். இச்சங்கம் பெருமைக்காகக் கூடியது அன்று. அறியவேண்டியதை அறியக் கூடியது. கோலாலம்பூர்ச் சங்கமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை என் தங்கையின் கடிதத்தால் உணர்ந்தேன். ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அட்டை இல்லை.

அந்தப் பாதையின் வரலாற்றை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது யப்பானியருக்கு ஆபத்தாக இருந்தது. ஆதலின் சயாமில் பான்பொங் நகருக்கு அருகிலிருந்து பர்மாவில் தன்பியுசயாத் வரை, மலையையும் காட்டையும் ஊடறுத்து, ஏறக்குறைய 415 கிலோமீற்றர் நீளமான பாதையை அமைக்கத் தொடங்கினர். இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 ஒக்ரோபர் 17 ஆம் நாள் கொங்கொயிற்றா என்னும் இடத்தில் பொருந்தின. ஆண்டுக்கணக்கில் ஆகவேண்டிய வேலை பதினைந்து பதினாறு மாதங்களில் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை அங்கே புதைக்கப்பட்டவர்களே சொல்ல வேண்டும். வேலையில் ஈடுபட்ட நேசநாட்டுச் சிறைக்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களுள் இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 180,000க்குக் குறையாதவர். பர்மியர், மலாயர், யாவகத்தார், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் இறப்பர்த் தோட்டங்களில் இருந்த தமிழர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லியே முதலில் ஆள் சேர்த்தனர். போர் வந்ததனால் இறப்பர் விற்பனை நின்று தோட்டங்களில் பட்டினி கிடந்த காலம் அது. பிறகு ஆள் போதாமற் போகவே, இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து, அப்படியே புகையிரதத்தில் ஏற்றிய செய்திகளும் உண்டு. பொருள் ஏற்றும் பெட்டிகளில் நாட்கணக்காகப் பயணம். பின்னர் காட்டுவழியே நடை. 1943 ஆம் ஆண்டு மே மாதத்தில் பருவமழை தொடங்கியது. மழையோடு வாந்திபேதி வந்தது. சிறைக்கைதிகளிடையே அவர்களுடைய இராணுவ வைத்தியர் இருந்தனர். கொதிக்க வைத்த நீரைத் தவிர வேறு நீரைத் தொடாதே என்று கட்டளையிடும் அதிகாரிகள் இருந்தனர். தோட்டத்திலிருந்து மனைவி மக்களோடு வந்த தொழிலாளிக்கு வைத்தியரும் இல்லை, கட்டளையிடத் தன்னவர் ஒருவரும் இல்லை. ஒரே ஆற்று நீர் இரு சாராருக்கும் ஒரே நோயைக் கொடுத்தது. இறப்போ ஒரே அளவாக இருக்கவில்லை.

போர் முடிந்ததும், 1945 செப்டெம்பரில், படையினரின் புதைகுழிகளைத் தேடும் குழு ஒன்று அப்பாதை முழுவதும் சென்றது. 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட புதைகுழிகளை அக்குழு கண்டுபிடித்தது. அஃது எவ்வாறு இயன்றது? சிறைக்கைதிகள் காவலாளர் கண்ணில் படாமல், இறந்தவர் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் துண்டுத் தாள்களில் எழுதி, போத்தல்களில் அடைத்தும் குழிகளில் மறைத்தும் காத்து வைத்திருந்தனர். அந்தப் பட்டியல்களின் பயனாக இன்று காஞ்சனபுரியில் 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெயரும் வயதும் பொறித்தவையே பெரும்பாலானவை. அதற்கு மிக அருகில் வட் தாவோன் என்னும் பௌத்த ஆலயம் இருக்கின்றது. அதன் வளவில், ஒரு தூபியின் அடியில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் மொத்தமாகக் கிடக்கின்றன. 1990 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் நிலத்தைத் தோண்டியபோதும் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்காவது பெயர் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. இரு சாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு வீரத்தில் அன்று, துன்பத்தில் அன்று; பட்டியலில்.

2023 ஆம் ஆண்டில், அந்த ஆலய வளவிலே, மலேசியத் தமிழர் முயற்சியால் ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயம் எழுப்பினார். போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்கன்றோ நடுகல்? தொல்காப்பியம் அதற்குச் சடங்கு வகுத்திருக்கின்றது; சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் ஒரு காதை அப்பெயரையே தாங்குகின்றது. தண்டவாளம் சுமந்த கூலியாளுக்கு நடுகல் பொருந்துமா என்பது அவர் வினா. நானும் அன்று தலையசைத்தேன். இன்று எனக்கு அந்த ஐயம் இல்லை. வீரனுக்கு அரசன் உண்டு, பாடப் புலவன் உண்டு. எங்கள் உரும்பிராயையே பாருங்கள். இங்குள்ள கருணாகரப் பிள்ளையார் கோவில், குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாய்க் கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமானின் பெயரைத் தாங்கியது என்பது எங்கள் ஊர் வழக்கு. தொண்டைமானாறு என்ற பெயருக்கும் அவனையே காரணமாகக் கூறுவர். கலிங்கப் போர் நடந்து 900 ஆண்டுகள் சென்றுவிட்டன. செயங்கொண்டார் பரணி பாடினார், ஊரார் பிள்ளையாருக்குப் பெயரிட்டனர், படைத்தலைவன் மறக்கப்படவில்லை. அவனுடைய படைக்குச் சோறு சுமந்தவன் பெயர் யாருக்கேனும் தெரியுமா? எண்பது ஆண்டுக்கு முன் நடந்த சயாமுக்கே பெயர் இல்லை என்றால், கலிங்கத்துக்கு எங்கே போவது?

நிற்க. யாழ்ப்பாணத்தவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் எங்கள் குடாநாட்டு இளைஞர் ஆங்கிலம் படித்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எழுதுவினைஞராயினர். தோட்டங்களிற் கிராணிமார் ஆயினர். செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் வைத்துக் கிணற்றோடு போராடிய குடும்பங்கள் மலாயாக் காசினால் கல்வீடு கட்டின. வீதியோரத்தில் வளைவு வைத்த பழைய வீடொன்றைக் கண்டால், மலாயாப் பென்சன்காரர் வீடு என்று இன்றும் முதியோர் சொல்வர். 1941 டிசெம்பரில் யப்பானியர் கொத்தாபாருவில் இறங்கியதும் கடிதமும் நின்றது, காசும் நின்றது. மூன்றரை ஆண்டுகள் இங்கிருந்த மனைவியருக்குக் கணவர் உயிருடன் உளரோ இலரோ என்பது தெரியாது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை எந்தச் சாத்திரத்தைப் பார்த்து முடிவு செய்வது? என் பாட்டியார் கழற்றவில்லை. 1946 ஆம் ஆண்டில் பாட்டனார் திரும்பி வந்தார். தந்தையை முதன்முதலாகக் கண்டபோது என் அம்மானுக்கு வயது ஏழு. யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணி, உள்ளே ஓடிப்போய்ப் பாட்டியாரிடம் அரிசி கேட்டாராம்.

பாட்டனார் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலே கிராணி. தம் தோட்டத்துத் தொழிலாளரோடு சயாமுக்குச் சென்றார். இவ்வளவே குடும்பத்தில் எல்லாரும் அறிந்தது. நான் பிறப்பதற்கு முன்னரே அவர் காலமாகிவிட்டார்.

படிவத்தின் ஐந்தாம் வினாவாகிய அத்தாட்சியைத் தேடி நான் முதலிற் சென்றது காணி உறுதிகளிடம். வெளிநாட்டார் தம் வழியைக் கிறித்தவ ஆலயப் பதிவேடுகளிலே தேடுவர். யாழ்ப்பாணத்தார் வழி உறுதியிலே இருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு முதலாக, இன்ன காணி இன்னாருக்கு இன்ன வழியில் வந்தது என்று எழுதி வந்திருக்கின்றோம். 1707 ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தமையால், ஒவ்வோர் உறுதியும் ஒரு குடும்ப வரலாறாகவே ஆகிவிட்டது. நான் பாட்டனாருக்குப் பேரன் என்பதை இரண்டே உறுதிகளால் நாட்டிவிட்டேன். ஆயின் அவர் சயாமில் இருந்தார் என்பதை எந்த உறுதி சொல்லும்? அதற்கு அம்மானிடந்தான் போக வேண்டியதாயிற்று.

அம்மான் வீட்டில் பாட்டனாரின் தகரப் பெட்டி ஒன்று உண்டு. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓர் இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டதை நேயர்கள் அறிவர். உறுதிகளையும் நகையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். தகரப் பெட்டியை யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு திரும்பிய போது வீட்டின் கூரை பாதி இல்லை. பெட்டி கவிழ்ந்து கிடந்ததேயன்றிக் கெடவில்லை. கவிழ்ந்து கிடந்தமையாலேதான் மழை உள்ளே போகவில்லை என்பது அம்மானின் கருத்து. அதனுள்ளே யப்பானியர் வெளியிட்ட பத்து வெள்ளித் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. வாழைமரம் வரைந்த தாள்கள். போர் முடிந்த அன்றே செல்லாக் காசு ஆனவை. வாழைத்தோட்டக்காரன் மலாயாவுக்குப் போய் வாழைப்படந்தான் கொண்டுவந்தான் என்று பாட்டனாரே சொல்லிச் சிரிப்பாராம். அவற்றின் கீழே ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

புத்தகத்தைத் திறந்தவுடன் எனக்குச் சினமே மூண்டது. பாட்டனார் எழுதாது விட்ட பக்கங்களிலெல்லாம் அம்மான் 1970 ஆம் ஆண்டுகளில் வெங்காயக் கணக்கு எழுதியிருந்தார். உள்ளூர் வெங்காயத்துக்கு நல்ல விலை இருந்த காலம். எந்தத் தாளும் வீணாகக் கூடாது என்பது தோட்டக்காரர் வழக்கம். சில தாள்களைக் கிழித்துமிருந்தார். எஞ்சியவற்றுள் மூன்று தாள்களில் மாத்திரம் பாட்டனாரின் எழுத்து இருந்தது: மங்கிய பென்சிலில் 43 பெயர்கள். முழுப் பெயர்கள் அல்ல. முனியாண்டி என்பது நான்கு முறை வருகின்றது. அவர்களைப் பிரித்தறிய நெட்டை, குட்டை, மேட்டு லயம், புதுசு என்று குறிப்பு. ஏழு பெயர்கள் பெண்களுடையவை. அவற்றுள் 17 பெயர்களுக்கு எதிரே, ஆங்கிலத் தேதி அன்று, தமிழ் மாதமும் பக்கமும் திதியும் எழுதப்பட்டிருந்தன. வைகாசி, அபரபக்கம், துவாதசி. வைகாசி, அமாவாசை. ஆனி, பூர்வபக்கம், திருதியை. இரண்டு மூன்று இடங்களில் திதிக்குப் பக்கத்தில் வினாக்குறி.

ஆங்கிலத்தில் செக்ரோல் எழுதிச் சம்பளம் வாங்கிய கிராணி ஒருவர் திதி எழுதியது எதற்காக? பஞ்சாங்கம் இல்லாத காட்டில், மழைமேகத்துக்குள் பிறை பார்த்து நாளை எண்ணியது எதற்காக? எங்களிடையே இறந்தவருக்கு ஆண்டு தேவையில்லை, தேதி தேவையில்லை, திதியே தேவை. திதி தெரிந்தாலன்றோ வீட்டார் பிதிர்க்கடன் செய்யலாம்? தெரியாதவருக்கு ஆடி அமாவாசை என்ற பொதுநாள் ஒன்றுதான். கீரிமலைக் கேணியில் அன்று மூழ்கும் கூட்டத்தில் எத்தனை பேர் நாளறியாத சாவுக்காக வந்தவர்கள் என்பதை எங்கள் தலைமுறை நன்றாக அறியும்.

நான் மகிழ்ச்சியோடு படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். அப்பொழுதுதான் அம்மான் நான்காம் வினாவின்மேல் விரலை வைத்தார். எந்த நிலையில் இருந்தார்?

"தம்பி, இதுக்கு என்ன எழுதப் போறாய்?"

"கிராணி என்றுதான், அம்மான்."

"வேண்டாம். தோட்டத்து உத்தியோகத்தர் என்று மட்டும் எழுது. அந்தச் சங்கத்தில இருக்கிறவை ஆர்? கூலிகளாய்ப் போனவையின்ர பேரப்பிள்ளையள். கிராணி எண்ட சொல்லை அவை எப்பிடி நினைப்பினம்?"

அதன் பின்னரே அவர், தாம் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பாட்டனார் கடைசிக் காலத்தில் நோயாய்க் கிடந்தபோது அவரிடம் கூறியது அது. ஒவ்வொரு நாட் காலையிலும் யப்பானியப் புகையிரதப் படையினர் வந்து, இன்று இத்தனை பேர் வேண்டும் என்று எண்ணை மாத்திரம் சொல்வார்கள். எழுந்து நிற்கக்கூடியவர் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். எண் குறைந்தால் கிராணிக்கு அடி. ஆதலால் படுத்திருப்பவர்களுள் யாரை எழுப்புவது என்று பாட்டனார் தெரிந்தெடுக்க வேண்டும். அவர் தெரிந்தெடுத்தார். எழுப்பப்பட்டவர்களுட் சிலர் மாலையில் திரும்பி வரவில்லை. அந்தப் பதினேழு பேரும் நோயால் இறந்தவரோ, தம்மால் எழுப்பப்பட்டவரோ என்பதை அவர் அம்மானிடம் பிரித்துச் சொல்லவில்லை. அம்மான் கேட்கவுமில்லை.

படிவம் மூன்று கிழமை மேசைமேல் கிடந்தது. சிறைப்பட்ட படையினரின் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை என்று எண்ணினேன். பின்னர் அதுவும் தவறு என்று தோன்றியது. அவர்களுடைய அதிகாரிகளும் நோயாளிகளுள் யாரை வேலைக்கு விடுவது என்று தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. வைத்தியர் பலர் அதனை எதிர்த்து நின்று அடிபட்டதும் உண்டு. பாட்டனார் எதிர்த்து நின்றாரா? நின்றிருந்தால் அம்மானிடம் சொல்லியிருப்பார். நாங்கள் மலாயாவைப் பற்றி எழுதியவற்றில் உத்தியோகம் உண்டு, பென்சன் உண்டு, கோவில் கட்டிய கதை உண்டு, பாடசாலைக்கு மண்டபம் கட்டிய கதை உண்டு. லயத்தில் இருந்தவனுக்கும் கிராணி வங்களாவில் இருந்தவனுக்கும் இடையே என்ன நடந்தது என்பது மிகக் குறைவு. எங்கள் கல்வீடுகளில் ஒரு பங்கு அந்த லயங்களிலிருந்து வந்தது.

மறைத்துச் சேரலாம், அல்லது சேராமலே விடலாம். சேராமல் விடுவதே மானம் என்பது அம்மானின் கட்சி. ஆனால் சேராமல் விட்டால் அந்த 43 பெயர்களும் எங்கள் தகரப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கிராணி என்பதை மறைத்தால், செக்ரோல் எப்படி என் கைக்கு வந்தது என்பதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். ஓர் அதிபர் சான்றிதழில் பொய் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை; வதிவிட அத்தாட்சிக்காக அப்படி எழுதி வந்தவர்களைப் பலமுறை கடிந்துமிருக்கின்றேன். ஆகவே நான்காம் வினாவுக்கு இவ்வாறு எழுதினேன்: தோட்டக் கிராணி, சயாமில் ஆட்கணக்கு எழுதியவர், வேலைக்கு ஆள் தெரிந்தெடுத்தவர், 1946 இல் ஊர் திரும்பினார். மூன்று தாள்களையும் படம் பிடித்து அதனோடு அனுப்பினேன். அம்மான் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

பழைய ஏடு வைத்திருப்போருக்கு இடையிலே ஒரு சொல். இத்தகைய தாள்களைத் தபாலில் அனுப்ப வேண்டா. கையாலும் அதிகம் தடவ வேண்டா. வெயிலிற் காய வைக்க வேண்டா. பென்சில் எழுத்து மையைவிட நெடுங்காலம் நிற்கும். ஆனால் தேய்த்தால் போய்விடும். பழைய நூல்களையும் ஆவணங்களையும் படம் பிடித்துக் காக்கும் நூலகம் நிறுவனத்தார் 2005 ஆம் ஆண்டு முதல் அப்பணியைச் செய்து வருகின்றனர். அவர்களைப் போன்றவர்களிடம் காட்டினால் வழி சொல்வார்கள். வெங்காயக் கணக்கு எழுதப்பட்டிருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆவணி முடிவில் கோலாலம்பூரிலிருந்து விடை வந்தது. என்னை அங்கத்தவனாகச் சேர்த்துக்கொண்டதாக ஒரு வரி. நான்காம் வினாவின் விடையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்றும் எழுதாது விட்டது அவர்களின் பெருந்தன்மையோ, இன்னும் முடிவுக்கு வராமையோ, நான் அறியேன். அதன் கீழே ஒரு வேண்டுகோள் இருந்தது. பட்டியலில் உள்ள பெயர்களில் ஒன்று, தோட்டமும் குறிப்பும் பொருந்துவதால், தம் அங்கத்தவர் ஒருவரின் பாட்டனாராக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். அக்குடும்பத்தார் எண்பது ஆண்டாக ஆடி அமாவாசையிலேயே அவருக்கு நீர்க்கடன் செய்து வருகின்றனராம். அவர் பெயருக்கு எதிரே உள்ள எழுத்தைத் தம்மால் வாசிக்க இயலவில்லை. அதனைத் தெளிவாக எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தனர்.

நான் கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். துவாதசியா திரயோதசியா என்று தெரியவில்லை. கடைசியில் புத்தகத்தை அம்மானிடமே கொண்டுபோனேன். தந்தையின் எழுத்தை வாசித்துப் பழகியவர் அவர் ஒருவர்தான். கோபம் தீராமலே வாங்கினார். வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "து போடேக்க அப்பு கீழ்க்கோட்டை இப்பிடித்தான் இழுக்கிறவர்," என்றார். பிறகு கோவில் ஐயரிடம் இருந்த சுபானு வருடத்துப் பஞ்சாங்கத்தை வாங்கி வரச் சொன்னார். 1943 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அந்தத் துவாதசி வருகின்றது. வாந்திபேதி உச்சமாக இருந்த நாட்கள்.

வைகாசி, அபரபக்கத் துவாதசி என்று எழுதி அன்றைக்கே அனுப்பினேன். கடித உறையில் அனுப்புவோர் பெயராக அம்மான் தம் பெயரையும் எழுதச் சொன்னார்.